பன்றிமானுக்கு நான் பல் கட்டினேன்

எனக்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. அறுபத்து நான்கு வயதில் இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்தக் குறையை வைத்துக்கொண்டுதான் நான் முன்னுக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு இத்தாலியில், பலெர்மோவின் பெரிய தெருவான வியா மக்வேதாவுக்குப் பின்தெருவில் சொந்தக் கடை. அதைவிட என் கீழே பதினாலு பேர் பலெர்மோ முழுக்க வீடும் கந்தோரும் துடைக்கிறார்கள். கோயிலில் முன் வாங்கில் எனக்கு இடம் (பேர் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்).

இவ்வளவும் ஒரே ஒரு சொல்லால் வந்தது. சீ. இத்தாலியனில் அதற்கு 'ஆம்' என்று அர்த்தம். (ஊரில் அதே சொல்லை நாயைக் கலைக்கத்தான் வைத்திருக்கிறோம்.) வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் சீ சொல்லியே சீவித்தோம். அயர்ன் பண்ணத் தெரியுமா? சீ. இந்த ஊர்க் கத்தரிக்காய்க் கறி வைக்கத் தெரியுமா? சீ. பியானோவைத் துடைக்கத் தெரியுமா? சீ. பியானோ என்றால் கட்டிலா அலுமாரியா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தெரியாது என்று சொன்னால் சீ சொல்ல வாசலில் இன்னும் ஆறு பேர் நிற்பார்கள்.

அப்படிப்பட்ட சீ என் காலை வாரியது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு பன்றியின் தலையால்.

இருபது வருடத்துக்குக் கிட்ட இருக்கும். பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு சின்யோராவின் (வீட்டுக்கார அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது) வீட்டில் வாரத்தில் மூன்று நாள் வேலை செய்தேன். அவருடைய கணவர் பல்கலைக்கழகத்தில் மிருகங்களைப் பற்றிப் படிப்பித்த பேராசிரியர். நான் அங்கே போவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய அறையில் புத்தகத்தை விட மண்டையோடுகள் கூட. குரங்கு, ஓநாய், முதலை, எல்லாம் வரிசையாகத் தட்டில் இருந்து என்னைப் பார்க்கும். நான் சிலுவை போட்டுவிட்டுத்தான் தூசு தட்டுவேன்.

அந்த வரிசையின் நடுவில் ராசா மாதிரி இருந்தது ஒரு காட்டுப்பன்றியின் தலை. காட்டுப்பன்றி என்றால் நாங்கள் மன்னாரில் அறிந்த பன்றி இல்லை. கீழ்த்தாடையில் இரண்டு கொம்புப் பல், அது சரி. மேலே உள்ள இரண்டும்தான் கோளாறு. அவை வாய்க்குள்ளிருந்து வரவில்லை. மூக்கெலும்பின் மேல்பக்கத்தில் இரண்டு ஓட்டை, அந்த ஓட்டைகளுக்குள்ளால் மேலே எழும்பி, பின்னுக்கு வளைந்து, நெற்றியைத் தொடுகிற மாதிரி நின்றன. முன்னால் பேராசிரியரின் கையெழுத்தில் ஒரு அட்டை: பாபிருசா.

சின்யோரா முதல் வாரமே அதன் பேரையும் ஊரையும் பொறுமையாகச் சொல்லித் தந்தவர். கதவடியில் நின்றே கையால் கொம்பு மாதிரியெல்லாம் காட்டினார்; கணவர் போன பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. நான் ஒவ்வொரு வசனத்துக்கும் சீ சின்யோரா, சீ சின்யோரா என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த இத்தாலியன் சொல் நாற்பது. அதில் முப்பது துடைக்கிற சாமான்.

நாலு வருடம் இப்படியே போனது. அந்த நாலு வருடமும் அதற்கு முன் ஒரு வருடமும் என் மனைவி ரெஜினா மன்னாரில், நான் பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் இன்னும் இரண்டு பேரோடு ஒரு வீட்டில். அவளை இங்கே கூப்பிடுவதற்கு முழுநேர வேலை இருக்கிறது என்று காட்டும் கடதாசி வேண்டும். சின்யோராவைக் கேட்டேன். யோசித்தார். கடைசியில், சரி அன்டோனியோ, உங்களை முழுநேரமாக எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வியாழன் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அன்றைக்கு நான் பஸ்சில் வீடு வரவில்லை. நடந்து வந்தேன், சிரித்துக்கொண்டு.

ஏன் வியாழன் என்றால், அன்றுதான் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். பேராசிரியரின் மண்டையோடுகள் எல்லாவற்றையும் அங்கேயுள்ள காட்சிசாலையில், அவருடைய பேரிலேயே ஒரு கண்ணாடி அலுமாரியில் வைக்கப் போகிறார்கள். சின்யோராவுக்கு அதுதான் மிச்சமிருந்த ஒரே ஆசை. வியாழன் வரை அக்கா வீட்டுக்குப் போய் நிற்கிறேன், நீங்கள் தட்டுகளைத் துடைத்து வையுங்கள், எலும்புகளைத் தூரிகையால் மட்டும் தட்டுங்கள், தண்ணீர் படக்கூடாது, விளங்கிச்சா என்று கேட்டார்.

சீ என்றேன்.

விளங்கத்தான் செய்தது. ஆனால் எனக்குள் ஒரு அந்தோனி இருக்கிறான், அவன் சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிற்கிறவன் இல்லை. என் பெண்சாதியைக் கூப்பிடக் கையெழுத்துப் போடப் போகிற மனிசி. அவருக்கு நான் யார் என்று காட்ட வேண்டாமா? அந்தப் பன்றித் தலை பழுத்து, பீடி குடிக்கிறவனின் பல் மாதிரி மஞ்சளாக இருந்தது. நான் தொட்ட தரையில் முகம் பார்க்கலாம், நான் தொட்ட குசினிச் சுவர் வெளிச்சம் போடாமலே வெளிக்கும். குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டேன். ஒன்றரைப் போத்தல் பிளீச் ஊற்றினேன். தலையை மெதுவாக இறக்கி, குளிக்க விட்டுவிட்டு யன்னல் துடைக்கப் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தால் தலை பால் போல வெள்ளை. பற்கள் நாலும் தொட்டியின் அடியில்.

நான் பயந்து போனேன் என்று நினைக்கிறீர்களா? (பயந்தேன். ஆனால் கொஞ்ச நேரம்தான்.) கீழ்த்தாடைப் பற்கள் இரண்டும் அதனதன் குழியில் செருப்புக்குள் கால் மாதிரிப் போய் இருந்துகொண்டன. மேல்பற்களை எடுத்துக்கொண்டு மூக்கின் மேலேயுள்ள ஓட்டைகளைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. பல் வாயில்தான் முளைக்கும், மூக்குக்கு மேலே எப்படி முளைக்கும்? மனிதனுக்கு முளைக்கிறதா? நாய்க்கு? யானைக்குக் கூடத் தந்தம் வாய்ப்பக்கத்தால்தானே வருகிறது? யாரோ ஒரு மடையன் எந்தக் காலத்திலோ இதைத் தலைகீழாகக் குத்தி வைத்திருக்கிறான், பெரிய படிப்புப் படித்த பேராசிரியர் அதைக் கவனிக்காமலே செத்துப் போய்விட்டார். எட்டாம் வகுப்பு அந்தோனி கண்டுபிடித்துவிட்டான்.

(இப்போதென்றால் பிள்ளைகள் போனில் தட்டி இரண்டு நிமிடத்தில் படம் காட்டியிருக்கும். அன்றைக்கு என் போனில் இருந்தது பாம்பு விளையாட்டு மட்டும்.)

டிரில் வேண்டும். அது எங்கள் வீட்டில் சூசை அண்ணையிடம் இருந்தது. அவர் ஒரு தளபாடம் திருத்துகிறவனிடம் வேலை. தலையைத் துவாயில் சுற்றி, சுப்பர்மார்க்கெட் பையில் போட்டு, பற்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சீசாவுக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த கிழவி பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கினார். அது அவருடைய தரிப்பு இல்லை என்பது அவர் இறங்கி நின்று முழித்ததில் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் தலையை வைத்தேன். சூசை அண்ணை எங்களில் மூத்தவர், மன்னார்க்காரர், வன்னிக் காட்டில் வேட்டையாடியவர் என்று தன் வாயாலேயே பேர் எடுத்தவர். மற்றவன் பெனடிக்ற், யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், அதிகம் கதைக்க மாட்டான். சூசை அண்ணை கண்ணாடியைப் போட்டு, தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வைத்தியர் மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

"நான் நூறு பண்டி சுட்டிருப்பன், அந்தோனி. ஒண்டுக்கும் மூக்கிலை பல்லு இருந்ததில்லை."

பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது, அவர் சுட்டது ஒன்றுமில்லை, சுடப் போனவர்களுக்கு டோர்ச் பிடித்தவர் என்று. எனக்கு மட்டும் என்ன தெரியும்? என் அப்பா மீன்பிடிகாரர். எங்கள் வீட்டுக்குப் பன்றி வந்ததெல்லாம் துண்டு துண்டாக, தேக்கம் இலையில் சுற்றித்தான். தலை எப்படியிருக்கும் என்று சட்டியைக் கேட்டால்தான் உண்டு.

பெனடிக்ற் மட்டும் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். "அண்ணை, இது துளைச்ச ஓட்டை மாதிரி இல்லை. உள்ளுக்கை வழுவழு எண்டு கிடக்கு. தானாய் வந்தது போலை."

"டேய், நீ தீவான். உங்கடை தீவிலை பண்டி எங்கை கிடந்தது? கணவாயைப் பற்றிக் கேட்டால் சொல்லு."

இதைச் சொன்னது நான். பெனடிக்ற் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டான். இன்றைக்கும் அவன் என்னைப் பார்க்கும்போது ஒரு விரலை லேசாக ஆட்டுவான். வேறொன்றும் சொல்ல மாட்டான், பாவி.

மேலேயிருந்த ஓட்டை இரண்டையும் சுவர் அடைக்கிற வெள்ளைப் பசையால் அடைத்து, மட்டத்தாள் போட்டுத் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்கினோம். பிறகு மேல்தாடைக்குக் கீழ்ப்பக்கம் சூசை அண்ணை டிரில்லைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க, புதிதாக இரண்டு ஓட்டை. பற்களைப் பசை போட்டுக் கீழ்நோக்கி இறக்கினோம். பற்கள் நீளம், வாய் மூட வரவில்லை. அதனால் கீழ்த்தாடையைக் கம்பியால் விரித்துக் கட்டினேன். பன்றி இப்போது யாரையோ பார்த்து உறுமியது. முன்பு அது ஒரு முட்டாள் மாதிரி இருந்தது, இப்போது ஆண்மகன் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். சூசை அண்ணை அதற்கு ஓம் என்றார்.

புதன்கிழமை அதைத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அட்டையையும் நேராக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை சின்யோரா வந்து பையைக் கீழே வைக்கவும், பல்கலைக்கழகத்து ஆட்கள் மணியடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு ஒல்லியான தொத்தோரெஸ்ஸா (படித்துப் பட்டம் வாங்கிய பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது), அவவோடு பெட்டிகள் தூக்க ஒரு ஆள். நான் கோப்பி வைத்தேன். மேசையில் கோப்பிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் என் கடதாசி, அதன்மேல் சின்யோராவின் பேனை. இவர்கள் போனதும் கையெழுத்துப் போடுகிறேன் என்று கண்ணால் காட்டினார்.

தொத்தோரெஸ்ஸா குரங்கைப் பார்த்தார், ஓநாயைப் பார்த்தார், பன்றிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். நான் கதவடியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பாராட்டு வரப் போகிறது என்றே நினைத்தேன், கடவுள் சாட்சி.

அவர் தலையைத் தூக்கினார். திருப்பினார். நகத்தால் என் பசையைச் சுரண்டினார். பிறகு மிகவும் மரியாதையாக, இதைப் பேராசிரியரே செய்தாரா என்று கேட்டார்.

சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். அவர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் கழன்று போனதை நான் கதவடியில் இருந்தே கண்டேன். தொத்தோரெஸ்ஸா சொன்னதில் பாதி எனக்கு விளங்கியது, அந்தப் பாதியே போதும். யாரோ எலும்பைத் துளைத்திருக்கிறார்கள். இதில் கை வைத்தவர் மற்றவற்றிலும் கை வைத்திருக்கலாம். இனி ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், அதுவரை பேர் போட்டு அலுமாரி வைப்பது கஷ்டம். சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதத் தொடங்கினார். சின்யோரா கதிரையில் இருந்தார். கடைசி வருடங்களில் என் கணவருக்கு நினைவு கொஞ்சம் தடுமாறியதுதான், ஆனால் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

என் கடதாசி மேசையில் கிடந்தது. பேனை அதன்மேல் கிடந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஐந்து வருடம் காத்திருந்த ரெஜினா விமானம் ஏறுவாள். பழியை ஏற்கிறவர் ஏற்கெனவே இறந்தவர், அவருக்கு விசா தேவையில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தது என் சீவியத்தில் அந்த ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

தொத்தோரெஸ்ஸா பக்கத்தைத் திருப்பினார். சின்யோரா கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி எடுத்தார்.

"நான்தான்," என்றேன். "நான் திருத்தினேன்."

பாருங்கள், அப்போதும் 'திருத்தினேன்'. உடைத்தேன் என்று வாய் வரவில்லை.

தொத்தோரெஸ்ஸா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏன் என்று கேட்டார். எங்கள் நாட்டில் பன்றிக்குப் பல் வாயில்தான் இருக்கும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னார். இது கிழக்கே எங்கேயோ ஒரு மழைக்காட்டுத் தீவில் இருக்கிற பன்றி. ஆண் பன்றிக்கு மேல்பல்லின் வேர்க்குழியே மேல்நோக்கித் திரும்பியிருக்கும். பல் தோலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, நெற்றிப் பக்கம் வளையும், உலகத்தில் வேறெந்தப் பன்றிக்கும் இப்படியில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் அதைப் பார்த்து மானின் கொம்பு மாதிரி இருக்கிறதே என்று பன்றிமான் எனப் பேர் வைத்தார்கள். பாபி என்றால் பன்றி, ருசா என்றால் மான்.

"நீங்கள் மானைக் கழற்றி எறிந்துவிட்டு, பன்றியை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறீர்கள்," என்றார்.

அப்போதுதான் நாலு வருடத்துக்கு முன் சின்யோரா கையால் கொம்பு காட்டியது நினைவு வந்தது. இதையேதான் சொல்லியிருக்கிறார். நான் சீ சொல்லியிருக்கிறேன்.

சின்யோரா எழும்பினார். என் கடதாசியை எடுத்தார், நாலாக மடித்தார், கணவரின் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு எப்போதும் 'நீங்கள்' போடுகிறவர் அன்றைக்குத்தான் முதல்முறை 'நீ' போட்டார்.

"அந்தப் பற்கள் திரும்ப மேலே ஏறும் நாளில் கையெழுத்துப் போடுகிறேன். ஏற்றுவது நீ."

மூன்று மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பல்கலைக்கழகத்து அறையொன்றில், பல் வைத்தியர் பாவிக்கிற சின்னக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, தொத்தோரெஸ்ஸா பக்கத்தில் நின்று பார்க்க, என் பசையை நானே ஊசிமுனை ஊசிமுனையாகக் கிள்ளி எடுத்தேன். அவ்வளவு நல்ல பசை. இவ்வளவு இறுக்கமாகப் பூசியவன் யார் என்று ஒரு நாள் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கடைசிச் சனிக்கிழமை இரண்டு பல்லும் மேலே ஏறி நெற்றிப் பக்கம் வளைந்து நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், நானே செய்த மாதிரிப் பெருமையாக இருந்தது.

சின்யோரா சொன்னபடி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனையை மூடிக்கொண்டே ஒன்று சொன்னார். அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கே போட்டிருப்பாராம், கணவரைத் திட்டிக்கொண்டு. நான் உண்மை சொன்னதன் விலை மூன்று மாதம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வேண்டுமென்றேதான் அதைச் சொன்னார். பிறகு 'நீங்கள்' என்பதற்கு அவர் திரும்பவேயில்லை. சாகும்வரை 'நீ'தான்.

ரெஜினாவிடம் போனில் நான் சொன்னது வேறு. கொஸ்தூராவில், அதுதான் விசாப் பொலிசில், கடதாசி தாமதம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆனால் சூசை அண்ணையின் மனைவி மன்னாரில் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார்; சூசை அண்ணை அவரிடம் சொன்னது ரெஜினாவிடம் போகாமல் இருக்குமா? பலெர்மோவில் எங்கள் கோயிலில் நாலு அந்தோனி. லொறி அந்தோனி, கட்டை அந்தோனி, பாட்டுக்கார அந்தோனி, பிறகு நான். எனக்கு மட்டும் அதுவரை பட்டம் இல்லாமல் இருந்தது. விமான நிலையத்தில் ஐந்து வருடத்துக்குப் பிறகு ரெஜினாவைக் கண்டேன். மெலிந்திருந்தாள். சூட்கேசை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை.

"பண்டிக்குப் பல்லு எங்கை இருக்குது எண்டு தெரியாமலோ என்னை மூண்டு மாசம் இருத்தி வைச்சனீங்கள், பண்டிமான்?"

அவ்வளவுதான். மன்னாரில் இருந்து அவள் கொண்டுவந்தது மிளகாய்த்தூளும் என் பட்டமும்.

பன்றித் தலை இன்றைக்கும் காட்சிசாலையில் பேராசிரியரின் பேர் போட்ட அலுமாரியில் இருக்கிறது. நானும் சூசை அண்ணையும் துளைத்த ஓட்டை இரண்டையும் அடைக்கவே இல்லை, அட்டையில் அதை எழுதியுமிருக்கிறார்கள். என் மகள் பத்து வயதில் பள்ளிக்கூடத்தோடு அதைப் பார்க்கப் போனாள். கூட்டிக்கொண்டு போன ஆசிரியை, இந்த ஓட்டைகள் இயற்கையானவை இல்லை, யாரோ அறிவில்லாதவர் செய்தது என்று விளக்கியிருக்கிறார். என் மகள் கையை உயர்த்தி, "அது எங்கடை அப்பா," என்று இத்தாலியனில் சொல்லியிருக்கிறாள். பெருமையாகச் சொன்னாளாம். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்தான்: எங்கள் தெருவில் வேறு எவனுடைய கைவேலை பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது?

போன மாதம் எனக்கு மேல்வாய்க்குப் பொய்ப்பல் கட்டினார்கள். அதற்கு முன் ஒரு வருடமாக முன்பல் நாலும் ஆடிக்கொண்டிருந்தன, நான்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பல் வைத்தியர் அதை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று காட்டிவிட்டு, விளங்கிச்சா என்று கேட்டார். நான் சீ என்று வாயைத் திறக்க முன்பே பக்கத்தில் இருந்த ரெஜினா, எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ டொக்டர் என்றாள். மகள் அதை அவருக்கு மொழிபெயர்த்தாள், காரணத்தையும் சேர்த்து. அந்த வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது நான் ஒவ்வொரு நாள் காலையும் குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் பல்லைக் கையில் எடுக்கும்போது, குசினிக்குள்ளிருந்து ரெஜினாவின் சத்தம் வரும்.

"வாய்க்குள்ளை, அப்பா. மூக்குக்கு மேலை இல்லை."